தெரிந்து தெளிதல்: பத்து வெள்ளி கட்டியவர்கள் தரும் பாடம்

திருக்குறளின் பொருட்பாலில், அரசியல் பற்றிய பகுதியில், ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. 51ஆவது அதிகாரம். பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் இடம்பெறாததால் நம்மில் பலர் அதைப் புரட்டியிருக்க மாட்டோம். தலைமை, செல்வாக்கு, நம்பிக்கை என்று இன்று ஓட்டல் மண்டபங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் பயிலரங்குகளில் பேசப்படுவதில் பெரும்பகுதியை அந்தப் பத்துக் குறள்கள் முன்பே சொல்லி வைத்திருக்கின்றன.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இங்கே தெரிதல் என்றால் ஆராய்தல். தெளிதல் என்றால் நம்புதல். இன்று நாம் தெளிவு என்ற சொல்லை விளக்கம் என்ற பொருளில்தான் புழங்குகிறோம். கலங்கிய குளத்து நீர் அடங்கி, அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரிந்தால் அது தெளிந்த நீர். நம்புவதற்கும் அதே சொல்லை வள்ளுவர் வைத்திருக்கிறார். அடி தெரியாத நீரில் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவதற்குத் தமிழில் தெளிதல் என்று பெயர் இல்லை.

அந்த அதிகாரத்தில் வரும் இரண்டு கருத்துகளை மட்டும் இக்கட்டுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒருவனுடைய பெருமையையும் சிறுமையையும் உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் அவனுடைய செயலே என்பது ஒன்று. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது மற்றொன்று. முன்னது தலைவனுக்கு, பின்னது நம்புகிறவனுக்கு. நம்பிக்கை என்பதை இருவர் பொறுப்பாக வள்ளுவர் வைத்தார் என்பது அடியேன் கருத்து.

இதற்கு உரை தேடி நாம் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்த மண்ணிலேயே, ரப்பர்த் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் எழுதிவைத்த உரை ஒன்று உண்டு.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் காப்பாரைக் கடக்கும் இன்றைய இளைஞர்களுக்குத் தொழிற்சாலைகளும் அடுக்கு வீடுகளும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும்தான் தெரியும். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் பால்மரக் காடாக இருந்தது. அந்தத் தோட்டங்களில்தான் 1941ஆம் ஆண்டு மலாயாவையே உலுக்கிய கிள்ளான் வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கியவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அந்தப் போராட்டத்துக்கு நிலைக்களமாக இருந்தது. அவர்கள் கேட்டவை என்னென்ன? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் வெள்ளைக்காரத் துரைமாரும் மற்ற அதிகாரிகளும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலியை உயர்த்து என்று கேட்பவனைத் தொழிலாளி பின்தொடர்வது இயற்கை. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக விடு என்று கேட்டவனை அவன் தன்னில் ஒருவனாகக் கண்டான். கள்ளுக்கடையை மூடு என்று கேட்பதில் தன் கூட்டத்தின் குறையையும் ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி மேலும் பல தோட்டங்களில் வேலை நின்றது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள். பின்னர் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். தோட்டங்களிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை.

நாதனின் நேர்மையில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அவரைக் கப்பலேற்றியதும் இயக்கம் தலையற்ற உடலாயிற்று. ஒருவர் மேல் வைத்த நம்பிக்கை அந்த ஒருவரோடு போய்விட்டது. அதைத் தாங்கி நிற்க ஒரு கணக்குப் புத்தகமும், ஒரு கட்டடமும், அடுத்து வருபவருக்கு ஒரு நாற்காலியும் வேண்டியிருந்தன. போருக்குப் பின் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றுசேர்ந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி.பி. நாராயணன் பல ஆண்டுகள் அதை நடத்தினார். 1962இல் அவருக்கு ரமோன் மக்சாய்சாய் விருது கிடைத்தது. அது தனியே எழுத வேண்டிய கதை.

1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதன் பிறகு தோட்டத்து மக்கள் அனுபவித்த நிச்சயமின்மை வேறு விதமானது. பெருந்தோட்டங்களை வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில, புதிய நாட்டில் என்ன நேருமோ என்று விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. உள்ளூர் முதலாளிகள் சிலர் கூட்டுச் சேர்ந்து முன்பணம் கொடுத்துத் தோட்டத்தைப் பேசி முடிப்பார்கள். உடனே அதைச் சில ஏக்கர் வீதம் கூறுபோட்டுப் பலருக்கு விற்பார்கள். இதற்குத் தோட்டத் துண்டாடல் என்று பெயர். ஆயிரம் ஏக்கருக்கு ஒரு முதலாளி இருந்தால் வீடு, தண்ணீர், மருந்தகம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குச் சட்டப்படி அவர் பொறுப்பாளி. ஐந்தாறு ஏக்கர் வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. குடும்பத்தோடு தாமே வெட்டிக்கொள்வார். அல்லது குறைந்த கூலிக்கு ஆள் வைப்பார். நேற்றுவரை பெரட்டுக்கு நின்ற ஐம்பது அறுபது குடும்பங்கள் இன்று சாலைக்கு வர வேண்டியதுதான். பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருக்கிறார்கள்.

இதில் ஆலயங்களின் கதியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலும் முனீஸ்வரர் மேடையும் தோட்ட முதலாளியின் நிலத்தில்தான் இருந்தன. கூலியில் பிடித்தம் செய்து கொடுத்த காசில் கோயில் எழுந்தது. ஆனால் நிலம் நம் பெயரில் இல்லை. துண்டு போட்டபோது அம்மன் இருந்த இடமும் யாரோ ஒருவருடைய துண்டுக்குள் போயிற்று.

இந்த நிலையில்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பேராக்கில் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார், அதே ஆண்டு அமைந்த முதல் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். தந்தையார் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர். தோட்டக்காரர் மகன், மேலும் அமைச்சர். அவர் வந்து, ‘துண்டாடப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம், பணம் கொடுங்கள்’ என்று கேட்டால் பால்வெட்டும் மனிதன் ஏன் நம்ப வேண்டும்? வட்டிக்கடையிலும், சீட்டிலும், கங்காணி கணக்கிலும் ஏமாந்து பழகிய சமுதாயம் அது. சந்தேகப்பட்டவர்கள் மேல் குற்றம் இல்லை.

அவர் கேட்ட தொகையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய பால்வெட்டுத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது சில நாள் கூலி. கொடுத்தால் வலிக்கும், ஆனால் அடுப்பு அணையாது. மாதாமாதம் கேட்பதால் மாதாமாதம் கணக்கும் சொல்லியாக வேண்டும். முதல் மாதம் பத்து வெள்ளி கொடுத்தவன் இரண்டாம் மாதம் கொடுக்கும் முன் யோசிக்கலாம்; நிறுத்திக்கொள்ளலாம். மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறவருக்கு ஒரே ஒரு நாள் நல்லவராக இருந்தால் போதும். தவணையில் வாங்குகிறவர் ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டளைக்கல்லில் தம்மை உரைத்துக் காட்ட வேண்டும். இதைத் திட்டமிட்டுச் செய்தாரா, ஏழைகளிடம் மொத்தமாகக் கேட்க முடியாதென்று செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. விளைவு ஒன்றுதான்.

இரண்டாவது, அவர் தேர்ந்துகொண்ட அமைப்பு. அது கூட்டுறவுச் சங்கம். நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 1844இல் 28 பேர் கூடித் தொடங்கிய கடையிலிருந்து உலகெங்கும் பரவிய முறை இது. சென்னை திருவல்லிக்கேணியில் 1904இல் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு தோட்டங்களில் சிக்கனக் கடன் சங்கங்கள் ஏற்பட்டன. ஆகவே சங்கம் என்றால் என்ன, சந்தா என்றால் என்ன, கணக்குத் தணிக்கை என்றால் என்ன என்று நம் பெரியவர்களுக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் ரசீதை மடித்து, பிறப்புப் பத்திரத்தோடு தகரப் பெட்டியில் வைக்கத் தெரிந்திருந்தது.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. வாங்கிய பணம் மண்ணாயிற்று. கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பங்கு கட்டியவன் கேட்கிற கேள்விக்கு, ‘அதோ பார், உன் தோட்டம்’ என்று காட்ட ஓர் இடம் கிடைத்தது. அதன் பிறகு தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. உறுப்பினர்கள் பத்தாயிரக்கணக்கில் பெருகினார்கள். சம்பந்தனும் அவரோடு உழைத்தவர்களும் தோட்டந்தோட்டமாகப் போய் மக்களைக் கண்டு பேசினார்கள். தகப்பன் வழியில் வந்த சொத்தில் பெரும்பகுதியை அவர் பொதுவாழ்வில் கரைத்தார் என்பதும் மக்களுக்குத் தெரிந்திருந்தது. பிறர் பையில் கைவிடும் முன் தன் பையைக் காலி செய்தவர் என்ற பேச்சு, மேடைப் பேச்சைவிட வேகமாக லயத்துக்கு லயம் நடந்து போயிருக்கும்.

இந்தச் சங்கத்தால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது புகழ்மாலையாகிவிடும். துண்டாடப்பட்ட தோட்டங்களில் ஒரு பகுதியைத்தான் சங்கத்தால் வாங்க முடிந்தது. தோட்டத்தில் பங்கு இருந்தாலும் விடியும் முன் எழுந்து உளியோடும் வாளியோடும் போக வேண்டியவன் போகத்தான் செய்தான். ரப்பர் விலை விழுந்தபோது கூட்டுறவுத் தோட்டத்து ரப்பருக்கு மட்டும் தனி விலை கிடைக்கவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. பிறந்த மண்ணிலேயே பத்திரம் இல்லாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். மனமுடைந்து கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பங்களை நம் பெற்றோர் துறைமுகத்தில் நின்று வழியனுப்பினார்கள். அந்தத் துயரத்தைத் துடைக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் போதாது.

ஆனாலும் நான் மெச்சுவது பின்னால் நடந்ததை. 1973இல் சம்பந்தன் ம.இ.கா. தலைமையை விட்டார். 1974க்குப் பின் அமைச்சர் பதவியும் இல்லை. நம் சமுதாயத்தில் பதவி போனவரைச் சுற்றி என்ன மிஞ்சும் என்று எல்லோரும் அறிவோம். மாலை போட்டவர்கள் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். நிலநிதிச் சங்கம் கலையவில்லை. 1979 மே மாதம் அவர் காலமானார்; அப்போதும் கலையவில்லை. தான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் அதை நெடுங்காலம் வழிநடத்தினார்கள். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள சோமா அரங்கத்தில் நூல் வெளியீட்டுக்கோ சொற்பொழிவுக்கோ போகாத தமிழன்பர் இந்தப் பள்ளத்தாக்கில் குறைவு. அங்கே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, இந்தச் செங்கல்லில் பால்வெட்டியவர்களின் பத்து வெள்ளி கலந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரில் சாலை இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறோம்.

நாதன் போனதும் சிதறியது. சம்பந்தன் போன பின்னும் நின்றது. இரண்டு பேருமே நேர்மையாளர்கள். வேறுபாடு மனிதரில் இல்லை. நம்பிக்கையை எங்கே வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. நாதனுக்குக் காலமும் தரப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. மனம் வருந்தியே எழுதுகிறேன். 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. இந்தியரின் பொருளாதாரத்தை உயர்த்தும் முதலீட்டு நிறுவனம் என்றார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. எதிர்பார்த்த பலன் வரவில்லை. டெலிகோம் பங்கு ஒதுக்கீடு குறித்து 1990களில் எழுந்த சர்ச்சை நாடறிந்தது. கடைசியில் 2010இல் பங்கொன்றுக்கு 80 காசு என்று வாங்கிக்கொள்ள வேறு நிறுவனம் முன்வந்தது. தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல இந்த மலர் இடமல்ல. நான் பார்ப்பது வேறு. அந்த அறுபதாயிரம் பேர் ஏன் அவ்வளவு எளிதில் நம்பினார்கள்? முன்பு ஒருமுறை பத்து வெள்ளி கட்டி, தோட்டத்தைக் கண்ணால் கண்ட சமுதாயம் அது. அந்தப் பழைய நம்பிக்கையின் மேல்தான் புதியதும் கடன் வாங்கியது என்பது என் எண்ணம். இன்றும் பொதுக்காரியத்துக்கு நன்கொடைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனால், ‘மைக்காவில் போட்டது போதும் ஐயா’ என்று சொல்கிற வீடு இருக்கிறது. நாம் அந்த வீட்டு வாசலில் நிற்கிறவர்கள்; கோபப்பட நமக்கு உரிமை இல்லை.

ஆலய நிர்வாகத்துக்கு வருகிறேன். கோயில் காசைப் பற்றிக் கேள்வி கேட்பது பாவம் என்றொரு எண்ணம் நம் பக்தர்களிடம் ஊறியிருக்கிறது. உண்டியலில் போட்டால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பார்கள். பக்திக்கு அது அழகு. நிர்வாகத்துக்கு அது ஆபத்து. அறக்கொடைகளின் நிர்வாகம் சீர்கெட்டதால்தான் 1905ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களில் முஸ்லிம், இந்து அறக்கொடைகளுக்கென்று வெள்ளைக்கார அரசாங்கம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பினாங்கில் இன்றும் இந்து அறப்பணி வாரியம் இருப்பது அந்த வழியில்தான். சிலாங்கூர் அன்று அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதல்ல. இங்குள்ள ஆலயங்களில் பல, 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி சங்கப் பதிவகத்தில் பதிந்து, ஆண்டுதோறும் கணக்கை ஒப்படைத்து நடப்பவை. ஆக, நம்மைக் கேட்க வேண்டியவர்கள் முதலில் உறுப்பினர்களும் உபயக்காரர்களும்தான்.

கணக்கு ஒரு பக்கம், நிலம் மறுபக்கம். சுபாங் ஜெயாவில் பழைய சீஃபீல்டு தோட்டத்து மாரியம்மன் ஆலய விவகாரத்தில் நிலமும் வேறொருவர் பெயரில். ஆலய நிர்வாகத்திலும் இரு தரப்பு. நீதிமன்ற வழக்கு வேறு. 2018 நவம்பரில் அது கலவரத்தில் முடிந்தது. கடமையைச் செய்ய வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அங்கே காயமுற்றுப் பின்னர் உயிரிழந்தார். துண்டாடல் காலத்தில் அம்மன் இருந்த இடம் யாருடைய துண்டுக்குள் போயிற்று என்ற கேள்வி அறுபது ஆண்டு கழித்தும் நம்மை விடவில்லை. நம் வட்டாரத்தில் தோட்டம் வீடமைப்புத் திட்டமானபோது இடம் மாறிய கோயில்கள் எத்தனை என்று பெரியவர்களைக் கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வரி கட்டிய ரசீது எங்கே என்பவை கும்பாபிஷேகத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். கோபுரத்துக்கு வர்ணம் எத்தனை வெள்ளி என்று கேட்க நூறு பேர் இருக்கிறார்கள். பட்டாவைக் கேட்க நான்கு பேர் வருவதில்லை.

வள்ளுவர் சொன்ன பின்பாதியையும் விடக்கூடாது. ஆராய்ந்து நம்பிய பிறகு ஐயுறுவதும் துன்பம் தரும் என்கிறார். தணிக்கை செய்த கணக்கை வாசிக்கும்போது வராமல், வாசித்துக் கைதூக்கி ஏற்ற பிறகு, காப்பிக்கடையில் உட்கார்ந்து பொருளாளர் புதுக் கார் வாங்கிய கதையைப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சம்பளமின்றி மாலை நேரத்தைக் கொடுக்கும் இளைஞர்கள் இதனால்தான் அடுத்த ஆண்டு நிர்வாகத்துக்கு நிற்க மறுக்கிறார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காதவர் வேறிடத்தில் பேசுவதைக் கேள்வி என்று சொல்ல முடியாது.

இந்த மலரின் பின்பக்கங்களில் கடந்த ஆண்டின் வரவு செலவு அச்சாகியிருக்கிறது. விளம்பரங்களுக்கு இடையில் இருப்பதால் பலர் புரட்டிவிட்டுப் போகக்கூடும். அன்பர்கள் அருள்கூர்ந்து அந்தப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தாங்கள் கொடுத்த உபயம் எந்தத் தலைப்பில் சேர்ந்திருக்கிறது என்று ரசீதோடு ஒத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பழைய ரசீதுக் கட்டுகளையும் பட்டா நகலையும் மேசைமேல் எடுத்து வைத்திருக்க வசதியாக இருக்கும்.